சுமையின் ஒரு முனை கிரவுண்டில் இருக்கும்போது ஆப்-ஆம்ப் கொண்டு 4–20 மில்லிஆம்பியர் தருவது எப்படி?

நீர்மட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலையின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஓர் அழுத்த உணரியைப் பொருத்தி, அதன் சிக்னலை ஏறத்தாழ 80 மீட்டர் தள்ளியிருக்கும் பம்பு அறையின் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. உணரி 5 வோல்ட்டில் இயங்குகிறது; தொட்டி காலியாக இருக்கும்போது 0.5 வோல்ட்டும், நிரம்பியிருக்கும்போது 4.5 வோல்ட்டும் தருகிறது. முதலில் இந்த மின்னழுத்தத்தையே நேராகக் கம்பியில் அனுப்பிப் பார்த்தேன். பம்பு மோட்டார் ஓடத் தொடங்கியதும் பி.எல்.சி. காட்டிய மட்டம் அரை அடி ஏறி இறங்கியது. அதனால், காலிக்கு 4, நிறைவுக்கு 20 என்று மின்னோட்டமாகச் சொல்லும் 4–20 மில்லிஆம்பியருக்கு மாற்றி அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

பாடத்தில் படித்த சுற்றையே மேசையில் அமைத்தேன். இரண்டு ஆப்-ஆம்ப்கள் (தம் இரு உள்ளீடுகளையும் சமமாக வைக்க முயலும் பெருக்கிகள்) கொண்ட எல்எம்358-இன் ஒரு பாதி, அதன் வெளியீட்டில் பழைய எஸ்எல்100 டிரான்சிஸ்டர், எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர், எமிட்டரிலிருந்து ஆப்-ஆம்பின் மைனஸ் உள்ளீட்டுக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். சுமைக்கு, அதாவது மின்னோட்டத்தைப் பெறும் பி.எல்.சி. உள்ளீட்டுக்குப் பதிலாக 250 ஓம் ரெசிஸ்டரை 24 வோல்ட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவே வைத்தேன். பிளஸ் உள்ளீட்டில் 2.00 வோல்ட் கொடுத்தபோது எமிட்டரிலும் மிகச் சரியாக 2.00 வோல்ட் இருந்தது. ஆனால் சுமை வழியே 20.00 மில்லிஆம்பியருக்குப் பதிலாக 19.83 மட்டுமே ஓடியது.

பிறகு பி.எல்.சி.யோடு இணைத்தேன். எங்கள் பி.எல்.சி.யின் அனலாக் கார்டில் எல்லாச் சேனல்களின் மைனஸ் முனைகளும் உள்ளேயே ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 24 வோல்ட்டின் மைனஸோடு இணைந்திருக்கின்றன. எனவே சேனலின் பிளஸ் முனையைக் கலெக்டரில் கொடுத்தேன். 20 வரவேண்டிய இடத்தில் 7.9 மில்லிஆம்பியர் காட்டியது. எமிட்டரில் அப்போதும் 2.00 வோல்ட் மாறாமல் இருந்தது. எல்எம்358-இன் மேல் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது.

அந்த 0.17 மில்லிஆம்பியர் எங்கே போகிறது, இந்த 7.9 எங்கிருந்து வருகிறது, கிரவுண்டில் நிற்கும் சுமைக்கு எந்தச் சுற்று பொருத்தமானது என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ஹவ்லேண்ட் சுற்று என்று ஒன்று இருப்பதாகவும், அது கிரவுண்டில் இருக்கும் சுமைக்கே உரியது என்றும் ஒரு நண்பர் சொன்னார். அதை அமைக்கலாமா?

கருவியாளர் எழுதியது:

அளந்த எண்களோடு கேட்டிருக்கிறீர்கள் என்பதால் அந்த எண்களை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

முதலில் 0.17. ஆப்-ஆம்பின் கண்ணுக்குத் தெரிவது எமிட்டரின் மின்னழுத்தம் ஒன்றுதான். அதை 2.00 வோல்ட்டில் நிறுத்தும் தன் வேலையை அது சரியாகவே செய்திருக்கிறது. 100 ஓம் வழியே 20.00 மில்லிஆம்பியர் ஓடுகிறது. ஆனால் எமிட்டர் மின்னோட்டம் என்பது கலெக்டர் வழியாக வந்ததும் பேஸ் வழியாக வந்ததும் சேர்ந்தது. பேஸ் வழியாக ஆப்-ஆம்ப் கொடுத்த 0.17 உங்கள் சுமையைத் தொடவே இல்லை. 19.83-ஐ 0.17-ஆல் வகுத்தால் 117 வருகிறது. அதுதான் உங்கள் கையில் இருக்கும் அந்த எஸ்எல்100-இன் மின்னோட்டப் பெருக்கம். இந்தப் பிழை ஒரே அளவாக இருந்தால் கணக்கில் கழித்துவிடலாம். ஆனால் வெயிலில் டிரான்சிஸ்டர் சூடானாலும், வேறொரு எஸ்எல்100-ஐ மாட்டினாலும் பெருக்கம் மாறும், அதோடு பிழையும் மாறும். எனவே அந்த இடத்தில் 2என்7000 போன்ற ஒரு மோஸ்ஃபெட்டை (பேஸ், எமிட்டர், கலெக்டருக்கு ஈடாகக் கேட், சோர்ஸ், டிரெய்ன் என்ற கால்கள் கொண்ட டிரான்சிஸ்டரை) வைத்துவிடுங்கள். கேட் வழியே நிலையான மின்னோட்டம் ஓடாது என்பதால் சோர்ஸில் அளப்பதும் டிரெய்னில் வருவதும் ஒன்றாகவே இருக்கும்.

அடுத்தது 7.9. கலெக்டருக்கு 24 வோல்ட்டிலிருந்து வரும் வழியை நீங்கள் எடுத்துவிட்டு, அதை 250 ஓம் வழியாகக் கிரவுண்டில் இறக்கிவிட்டீர்கள். எமிட்டரில் 2 வோல்ட் வேண்டும் என்ற கட்டாயத்தில் இருக்கும் ஆப்-ஆம்ப், கலெக்டரிலிருந்து எதுவும் வராததால் முழு 20 மில்லிஆம்பியரையும் பேஸ் வழியாகத் தானே தள்ளுகிறது. அப்போது பேஸ் ஏறத்தாழ 2.7 வோல்ட்டில் இருக்கும். பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே உள்ளதும் ஒரு டையோடுதானே; அதுவும் திறந்துகொண்டு கலெக்டரை 2 வோல்ட்டை ஒட்டி உயர்த்துகிறது. 2 வோல்ட்டை 250 ஓமால் வகுத்தால் 8 மில்லிஆம்பியர். பி.எல்.சி. காட்டியது இதைத்தான். ஆக, ஆப்-ஆம்பே ஏறத்தாழ 28 மில்லிஆம்பியரைச் சுமக்கிறது. அதன் சப்ளையான 24 வோல்ட்டுக்கும் வெளியீட்டின் 2.7 வோல்ட்டுக்கும் உள்ள இடைவெளியோடு பெருக்கிப் பாருங்கள், 0.6 வாட் வருகிறது. விரல் வைக்க முடியாததில் வியப்பில்லை.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். மின்னழுத்தத்தை மின்னோட்டமாக்கும் சுற்றைத் தேர்ந்தெடுக்கும் முன்பு எந்த ஐ.சி., எத்தனை விழுக்காடு ரெசிஸ்டர் என்றெல்லாம் யோசிப்பதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: சுமையின் இரண்டு கால்களும் எங்கே நிற்கின்றன? இரண்டும் சுதந்திரமாக இருந்தால், ஆப்-ஆம்பின் வெளியீட்டுக்கும் மைனஸ் உள்ளீட்டுக்கும் நடுவே சுமையை வைத்தாலே போதும். ஒரு கால் 24 வோல்ட்டில் நிற்கலாம் என்றால் நீங்கள் அமைத்த சுற்று போதும். ஒரு கால் கிரவுண்டில் கட்டப்பட்டிருந்தால், மின்னோட்டம் மேலிருந்து, அதாவது பிளஸ் சப்ளையிலிருந்து வந்தாக வேண்டும். உங்கள் கார்டு மூன்றாவது வகை.

அதற்கு நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சுற்று இரண்டு படிகளைக் கொண்டது. முதல் படி நீங்கள் அமைத்ததேதான், ஆனால் சிறிய மின்னோட்டத்துக்கு. எல்எம்358-உம் 2என்7000-உம் சேர்ந்து 0.4 முதல் 2.0 வோல்ட் வரையிலான உள்ளீட்டை ஆர்1 என்ற 1 கிலோஓம் ரெசிஸ்டரின் மேல் நிறுத்தினால் 0.4 முதல் 2.0 மில்லிஆம்பியர் கிடைக்கும். இதை 24 வோல்ட்டிலிருந்து ஆர்2 என்ற இன்னொரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக இழுத்தால், அதே 0.4 முதல் 2.0 வோல்ட் இப்போது கிரவுண்டுக்கு மேலே இல்லாமல் 24 வோல்ட்டுக்குக் கீழே வந்து நிற்கும். சிக்னலைத் தரையிலிருந்து எடுத்துக் கூரையில் மாட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் படியில், 24 வோல்ட்டிலிருந்து ஆர்3 என்ற 100 ஓம் வழியாக ஐஆர்எஃப்9540 போன்ற பி-சேனல் மோஸ்ஃபெட்டின் (கேட் சோர்ஸைவிடக் கீழே போனால் திறப்பது) சோர்ஸுக்கு வந்து, டிரெய்னிலிருந்து நேராகக் கம்பிக்குப் போகிறோம். இரண்டாம் ஆப்-ஆம்ப், ஆர்2-இன் கீழ்முனையையும் ஆர்3-இன் கீழ்முனையையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்திருக்கும். 100 ஓமின் மேல் 0.4 முதல் 2.0 வோல்ட், ஆகவே 4 முதல் 20 மில்லிஆம்பியர்.

இந்த இரண்டாம் ஆப்-ஆம்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, உள்ளீடுகளை மாற்றிக் கொடுப்பது. பி-சேனல் என்றதும் எல்லாம் தலைகீழ் என்று எண்ணி ஆர்3-ஐப் பிளஸ் உள்ளீட்டில் கொடுத்துவிடுகிறார்கள். அது தவறு. கேட் மேலே போனால் சோர்ஸும் மேலே போகிறது. எனவே ஆர்2 பிளஸ் உள்ளீட்டுக்கும், ஆர்3-ஓடு சேர்ந்த சோர்ஸ் மைனஸ் உள்ளீட்டுக்கும் போக வேண்டும். இரண்டாவது, எல்எம்358-இன் மீதிப் பாதி சும்மாதானே இருக்கிறது என்று அதையே இங்கே வைப்பது. எல்எம்358-இன் உள்ளீடுகள் கிரவுண்டு வரை இறங்கும். ஆனால் மேலே சப்ளைக்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும், வெப்பநிலை மாற்றத்தையும் சேர்த்தால் 2 வோல்ட். நம் சிக்னலோ சப்ளைக்கு 0.4 வோல்ட் கீழே வரை ஏறுகிறது. டிஎல்071-இன் உள்ளீடுகள் இதற்கு நேர்மாறாக பிளஸ் சப்ளை வரை வேலை செய்யும், கீழ்ப்பக்கம் கிரவுண்டை நெருங்கினால் தடுமாறும். எனவே தரைக்கு எல்எம்358, கூரைக்கு டிஎல்071. இரண்டு பக்கமும் முழுதாக எட்டும் ஓபிஏ2192 ஒன்றை வாங்கினால் இரண்டு வேலைகளையும் ஒரே ஐ.சி. பார்த்துக்கொள்ளும்; விலை மட்டும் கூடுதல்.

எவ்வளவு பெரிய சுமையை இது தாங்கும் என்றால், 24 வோல்ட்டில் ஆர்3 எடுக்கும் 2 வோல்ட்டையும் மோஸ்ஃபெட்டுக்கு ஒரு வோல்ட்டையும் ஒதுக்கினால் மீதி 21 வோல்ட் இருக்கிறது. 20 மில்லிஆம்பியரில் 1000 ஓமுக்குச் சற்று மேல் வரை போகலாம். உங்கள் கார்டு 250 ஓம். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக வர 160 மீட்டருக்கு 6 ஓமை ஒட்டி வரும், அதன் மேல் விழுவது 0.12 வோல்ட். மின்னழுத்தமாக அனுப்பியபோது இந்த வகை இழப்பும், மோட்டார் ஓடும்போது இரண்டு கிரவுண்டுகளுக்கும் இடையே எழும் வேறுபாடும் சிக்னலோடு கலந்தன. மின்னோட்டமாக அனுப்பும்போது அவையெல்லாம் அந்த மீதி 21 வோல்ட்டிலிருந்து கழிந்துபோகும், சிக்னலைத் தொடமாட்டா.

அலைநோக்கி எழுதியது:

கருவியாளர் ஐயா சொன்ன சுற்றையே நானும் பரிந்துரைக்கிறேன். ஹவ்லேண்டைப் பற்றிக் கேட்டிருந்ததால் அதை மட்டும் எழுதுகிறேன்.

அது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பிராட்ஃபோர்டு ஹவ்லேண்ட் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. 1964-இல் ஆப்-ஆம்ப் தயாரித்த ஃபில்பிரிக் நிறுவனத்தின் இதழில் முதலில் அச்சானது. ஓர் ஆப்-ஆம்ப், நான்கு ரெசிஸ்டர்கள், அவ்வளவுதான். மின்னோட்டத்தை இரு திசைகளிலும் தரக்கூடியது என்பது அதன் தனிச்சிறப்பு; மேலே சொன்ன ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்றுகளால் அது முடியாது. மைக்ரோஆம்பியர் அளவில் மாறுதிசை மின்னோட்டத்தை ஒரு மின்முனைக்குத் தர வேண்டிய உடல் மின்மறுப்பு அளவீடு போன்ற வேலைகளில் அதற்கு நிகரில்லை.

ஆனால் அதன் தரம் முழுவதும் நான்கு ரெசிஸ்டர்களின் விகிதப் பொருத்தத்தில் தொங்குகிறது. நான்கும் 10 கிலோஓம், 1 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும் மோசமான நிலையில் விகிதம் 4 விழுக்காடு விலகும். முடிவிலியாக இருக்க வேண்டிய வெளியீட்டு மின்மறுப்பு 250 கிலோஓமுக்கு இறங்கிவிடும். சிறிய மின்னோட்டத்துக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. 20 மில்லிஆம்பியர் தர வேண்டுமென்றால் வெளியீட்டில் 100 ஓம் அளவீட்டு ரெசிஸ்டர் வைத்த திருத்திய வடிவத்துக்குப் போக வேண்டும். அங்கே இதே 1 விழுக்காடு ரெசிஸ்டர்கள், சுமையில் 5 வோல்ட் இருக்கும்போது, மோசமான நிலையில் 0.1 வோல்ட் பிழையை அந்த 100 ஓமின் மேல் கொண்டுவந்து வைக்கும். அது 1 மில்லிஆம்பியர். தொட்டியின் மட்டத்தில் பதினாறில் ஒரு பங்கு தவறிப்போகும். 0.1 விழுக்காடு ரெசிஸ்டர்கள் வாங்கினாலும் 0.1 மில்லிஆம்பியர் நிற்கும். அதோடு முழு 20 மில்லிஆம்பியரையும் ஆப்-ஆம்பே தர வேண்டும். கருவியாளர் ஐயாவின் சுற்றில் ரெசிஸ்டர் பிழை அளவுகோலை மட்டும் மாற்றுகிறது, சுமை மாறினால் மின்னோட்டம் மாறுவதில்லை. அளவுகோல் பிழையை பி.எல்.சி.யில் திருத்திக்கொள்ளலாம், சுமையோடு மாறும் பிழையைத் திருத்த முடியாது.

தனி ஐ.சி. வேண்டுமென்றால் எக்ஸ்டிஆர்111 இருக்கிறது. உள்ளீட்டு மின்னழுத்தத்தை ஒரு ரெசிஸ்டரால் வகுத்துப் பத்தால் பெருக்கி வெளியே தரும்; 1 கிலோஓம் வைத்தால் 2 வோல்ட்டுக்கு 20 மில்லிஆம்பியர். அதற்கும் வெளியே ஒரு பி-சேனல் மோஸ்ஃபெட் வேண்டும். மிகச் சிறிய உறையில் மட்டுமே வருவதால் கையால் சாலிடர் செய்யப் பழக்கம் வேண்டும். எக்ஸ்டிஆர்116 போன்ற இரு கம்பி வகையை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். அதில் உணரி உட்பட எல்லாமே 4 மில்லிஆம்பியருக்குள் உயிர்வாழ வேண்டும். 5 வோல்ட் அழுத்த உணரிகள் பல அதற்கு மேல் எடுத்துக்கொள்கின்றன.

சாலிடர்முனை எழுதியது:

0.5–4.5 வோல்ட்டை 0.4–2.0 வோல்ட்டாக்கும் வேலையை யாரும் சொல்லவில்லை. அதற்கு இன்னொரு ஆப்-ஆம்ப் தேவையில்லை, மூன்று ரெசிஸ்டர்கள் போதும். முதல் ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீட்டில் மூன்றும் சந்திக்கட்டும்: உணரியின் வெளியீட்டிலிருந்து 10 கிலோஓம், 5 வோல்ட்டிலிருந்து 100 கிலோஓம், கிரவுண்டுக்கு 7.15 கிலோஓம். சந்திப்பில் உணரி மின்னழுத்தத்தின் 0.4 பங்கும், 5 வோல்ட்டின் 0.04 பங்கான 0.2 வோல்ட்டும் சேர்ந்து நிற்கும். 0.5 வோல்ட்டுக்கு 0.4, 4.5 வோல்ட்டுக்கு 2.0. கணக்கிட்டுப் பார்த்தால் 4.00, 20.01 மில்லிஆம்பியர் வருகின்றன.

இந்த ரெசிஸ்டர் வலையில் எனக்குப் பிடித்தது அது பழுதைக் காட்டிக்கொடுக்கும் விதம். உணரியின் சிக்னல் கம்பி அறுந்தால் 5 வோல்ட்டிலிருந்து வரும் பங்கு மட்டும் மிஞ்சி 3.3 மில்லிஆம்பியர் வரும். சிக்னல் கம்பி கிரவுண்டில் பட்டால் 2 மில்லிஆம்பியர். 5 வோல்ட்டோடு ஒட்டிக்கொண்டால் 22. நாமூர் என்ற தொழிற்துறை அமைப்பின் என்ஈ43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரை அளவீடு, 3.6-க்குக் கீழும் 21-க்கு மேலும் பழுது. மூன்றும் பழுதுப் பகுதியிலேயே விழுகின்றன. பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்கும் வழக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணமும் இதுதான்: காலித் தொட்டியையும் அறுந்த கம்பியையும் பி.எல்.சி. பிரித்தறிய வேண்டும். பம்பை ஓட்டும் முடிவு இதில் தொங்குவதால் பி.எல்.சி. நிரலில் இந்த இரு எல்லைகளையும் கட்டாயம் எழுதுங்கள்.

5 வோல்ட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் உணரியின் 0.5, 4.5 என்ற எண்கள் சப்ளையின் விகிதம். சப்ளை 4 விழுக்காடு கூடினால் வெளியீடும் 4 விழுக்காடு கூடும். சாதாரண 7805 ரெகுலேட்டரின் வெளியீடு 4.8 முதல் 5.2 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மைக்ரோகன்ட்ரோலரில் அதே 5 வோல்ட்டை அடிப்படையாக வைத்துப் படித்தால் இது தானே சரியாகிவிடும். மின்னோட்டமாக மாற்றி அனுப்பும்போது அந்தச் சலுகை இல்லை. எனவே மின்னழுத்தத்தைத் துல்லியமாக நிறுத்தும் எல்எம்4040 வகையின் 5 வோல்ட் ஐ.சி.யை 24 வோல்ட்டிலிருந்து 1.8 கிலோஓம், அரை வாட் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள். 10.6 மில்லிஆம்பியர் கிடைக்கும், உணரி எடுத்தது போக மீதியை எல்எம்4040 உறிஞ்சிக்கொள்ளும். உணரியைக் கழற்றினாலும் அதன் எல்லையான 15 மில்லிஆம்பியரைத் தாண்டாது. இதற்கு உணரி எடுக்கும் மின்னோட்டம் 8 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதையும், வெளியீட்டில் எவ்வளவு சுமையை அது அனுமதிக்கிறது என்பதையும் அதன் தரவுத்தாளில் பாருங்கள். இந்த வலை ஏறத்தாழ 17 கிலோஓமாகத் தெரியும். அது அதிகச் சுமை என்றால் எல்எம்358-இன் மீதிப் பாதியை நடுவே பஃபராக (உணரிக்குச் சுமை தராமல் மின்னழுத்தத்தை அப்படியே கடத்தும் படியாக) வையுங்கள்.

நீர்மட்டம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே அமைத்தேன், 250 ஓம் மேல் சரியாக வேலை செய்தது. ஆனால் இரண்டு சிக்கல்கள். சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பி.எல்.சி. முனையிலிருந்து கம்பியைக் கழற்றினேன். திரும்ப மாட்டியபோது உள்ளீடு எதுவாக இருந்தாலும் கார்டுக்கு 60 மில்லிஆம்பியருக்கு மேல் போகிறது, ஐஆர்எஃப்9540 செயலிழந்திருக்கிறது. நல்லவேளையாக உடனே துண்டித்துவிட்டேன். புதிதாக மாட்டிய இரண்டாவதும் அதேபோல் போய்விட்டது. எங்கள் பேனலின் 24 வோல்ட் என்பது உண்மையில் பேட்டரி சார்ஜரோடு சேர்ந்தது, அளந்தால் 27.4 வோல்ட் இருக்கிறது. அது காரணமா?

இரண்டாவது, மல்டிமீட்டரில் 11.97 என்று அசையாமல் நிற்கும்போது பி.எல்.சி.யில் கடைசி இரண்டு இலக்கங்கள் ஓயாமல் ஆடுகின்றன. ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் ஆர்3-இன் மேல் 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலை, உச்சிக்கு உச்சி 150 மில்லிவோல்ட் அளவுக்குத் தெரிகிறது.

கருவியாளர் எழுதியது:

மோஸ்ஃபெட் போனதற்கு நான் பொறுப்பு. கேட் பாதுகாப்பைச் சொல்லாமல் விட்டது என் தவறு. கம்பி அறுந்ததும் ஆர்3 வழியே மின்னோட்டம் நின்றுவிடுகிறது, சோர்ஸ் முழு சப்ளைக்கு ஏறிவிடுகிறது. இன்னும் திற, இன்னும் திற என்று ஆப்-ஆம்ப் கேட்டைக் கீழே இழுத்துக்கொண்டே போய்க் கிரவுண்டுக்கு 1.5 வோல்ட் மேலே வந்து நிற்கும். உங்கள் 27.4 வோல்ட்டில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 26 வோல்ட் விழுந்திருக்கிறது. ஐஆர்எஃப்9540-இன் எல்லை 20 வோல்ட். சப்ளை சரியாக 24 வோல்ட்டாக இருந்திருந்தாலும் எல்லையைத் தாண்டியிருக்கும்.

கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 12 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத 12 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றை வையுங்கள், கேத்தோடு சோர்ஸ் பக்கம். ஆப்-ஆம்பின் வெளியீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே 1 கிலோஓம் இருக்கட்டும். கம்பி அறுந்த நிலையில் ஜீனர் வழியே 14 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது.

அலைவுக்கும் காரணம் கேட்தான். ஐஆர்எஃப்9540-இன் கேட் ஆயிரம் பிக்கோஃபாரடுக்கு மேற்பட்ட கெப்பாசிட்டராகத் தெரிகிறது, இப்போது சேர்க்கும் 1 கிலோஓம் அந்தத் தாமதத்தை இன்னும் கூட்டும். பின்னூட்டம் தாமதமாக வந்தால் ஆப்-ஆம்ப் ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். அதற்கு மருந்து, வேகமான மாற்றங்களை மோஸ்ஃபெட்டைச் சுற்றிப் போகவிடாமல் குறுக்கு வழியில் திருப்பிவிடுவது. சோர்ஸிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்குப் போகும் கம்பியில் 10 கிலோஓம் சேருங்கள். ஆப்-ஆம்பின் வெளியீட்டுக் காலிலிருந்தே, அதாவது அந்த 1 கிலோஓமுக்கு முன்னாலிருந்தே, மைனஸ் உள்ளீட்டுக்கு 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். கேட்டிலிருந்து எடுத்தால் பயனில்லை. இவ்விரண்டும் சேர்ந்து 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுற்றை மெதுவாக்கிவிடும். தண்ணீர் மட்டத்துக்கு அது தேவைக்கும் பல மடங்கு அதிகமான வேகம். முதல் படியில் 2என்7000-இன் கேட் சிறியது என்றாலும் அங்கேயும் இதையே செய்துவிடுங்கள்.

தொட்டி திறந்த வெளியில் உயரத்தில் இருக்கிறது. இடி மின்னல் காலத்தை நினைத்து, கம்பியின் இரு முனைகளிலும் பி6கேஇ33ஏ போன்ற சர்ஜ் டையோடு ஒன்றைக் கிரவுண்டுக்கு வையுங்கள். டிரெய்னுக்கும் கம்பிக்கும் நடுவே 47 ஓமும் 1என்4007-உம் தொடரில் இருக்கட்டும். மின்னோட்டச் சிக்னல் என்பதால் இவை எடுக்கும் 2 வோல்ட் அளவீட்டைப் பாதிக்காது.

நீர்மட்டம் எழுதியது:

ஜீனர், 1 கிலோஓம், 10 கிலோஓம், 1 நானோஃபாரட் எல்லாம் சேர்த்தாயிற்று. அலை முற்றிலும் மறைந்துவிட்டது. சுற்று ஓடும்போதே கம்பியை இருபது முறை கழற்றி மாட்டினேன், மோஸ்ஃபெட் நலமாக இருக்கிறது. உணரிக்குப் பதிலாகத் துல்லியமான மின்னழுத்தம் கொடுத்து அளந்தபோது 0.500 வோல்ட்டுக்கு 4.03, 4.500 வோல்ட்டுக்கு 20.04 மில்லிஆம்பியர் வருகிறது. இதைச் சரிசெய்ய ஒரு பிரிசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) சேர்க்கலாமா?

அலைநோக்கி எழுதியது:

வேண்டாம். இரு முனைகளிலும் ஒரே 0.03 கூடுதலாக வருகிறது; மேல்முனையில் உள்ள மீதி 0.01 சாலிடர்முனை கணக்கில் சொன்னதுதான். எனவே இது ரெசிஸ்டர் பிழை இல்லை, ஆப்-ஆம்பின் ஆஃப்செட், அதாவது அதன் இரு உள்ளீடுகளுக்கும் நடுவே நிற்கும் சிறு வேறுபாடு. 100 ஓமின் மேல் 0.03 மில்லிஆம்பியர் என்றால் 3 மில்லிவோல்ட். டிஎல்071-க்கு அது இயல்பான அளவு. 10 மில்லிவோல்ட் வரைகூட வரலாம் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. ஒரு டிகிரிக்கு 18 மைக்ரோவோல்ட்டை ஒட்டி அது நகரும் என்பதால் பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வேறுபட்டாலும் 0.004 மில்லிஆம்பியருக்குள் அடங்கும். தொட்டிக்கு அடியில் வெயிலும் ஈரமும் படும் பெட்டிக்குள் இருக்கும் பிரிசெட் அதைவிட அதிகமாக நகரும். பி.எல்.சி.யின் அளவுகோலில் 4.00-க்குப் பதில் 4.03, 20.00-க்குப் பதில் 20.04 என்று எழுதிவிடுங்கள். பெட்டியின் மூடிக்குள் இந்த இரு எண்களையும் தேதியோடு ஒட்டிவையுங்கள், ஐ.சி. மாற்றுபவருக்கு உதவும். கவனிக்க வேண்டியது ஆர்3 ஒன்றைத்தான். ஆர்1-உம் ஆர்2-உம் ஒரே வகை, ஒரே பெட்டிக்குள் இருந்தால் சேர்ந்தே சூடாகிச் சேர்ந்தே மாறும், விகிதம் நிற்கும். ஆர்3-க்கு அந்தத் துணை இல்லை. அதை மட்டும் 25 பிபிஎம் (ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு மாறும்) வகையில் வாங்கி, மோஸ்ஃபெட்டிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள், உங்கள் 27.4 வோல்ட்டில் மோஸ்ஃபெட் 0.4 வாட் வரை வெளியிடும்.

நீர்மட்டம் எழுதியது:

ஆர்3-ஐ மாற்றி, மோஸ்ஃபெட்டைப் பெட்டியின் மறு ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். இன்று காலை தொட்டிக்கு அடியில் பொருத்தி இணைத்தாயிற்று. மோட்டாரை ஐந்து முறை நிறுத்தி ஓட்டினேன், பி.எல்.சி.யில் கடைசி இலக்கம் ஒன்று கூடிக் குறைந்ததைத் தவிர வேறு அசைவு இல்லை. உணரியின் சிக்னல் கம்பியைக் கழற்றியபோது 3.36 காட்டி, பழுது விளக்கு எரிந்து, பம்பு நின்றது.